உப்பு டப்பா இருக்கும் இடம்

வீட்டைக் கூட்டலாமா, கூடாதா என்று வேலுத்தாய்க்குத் தெரியவில்லை.

ஊருக்குக் கிளம்பியவர் போய்ச் சேரும் வரை வீட்டில் விளக்குமாறு எடுக்கக் கூடாது. மதுரைக்குப் போனவர் என்றால் அரை நாளில் முடிந்துவிடும். புருஷன் பால்ச்சாமி போனதோ ஜம்முவுக்கு. பட்டாளத்துக்காரன் பெண்டாட்டி எத்தனை நாள் குப்பையில் குடியிருப்பாள்?

மகள் பேச்சியம்மாளின் கிறிஸ்துமஸ் லீவுக்குச் சரியாக அவனும் லீவில் வந்திருந்தான். செண்பகத்தோப்புக்குப் போனார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா வாங்கித் தின்றார்கள். மகள் கேட்டாள் என்று வாசலில் காகித நட்சத்திரம் கூடத் தொங்கியது. இப்போது பள்ளிக்கூடம் திறந்தாயிற்று. கடலைத் தொலியும் கலர்க் காகிதமும் கூடத்தில் அப்படியே கிடந்தன.

பக்கத்து வீட்டு நூர்னிசா எட்டிப் பார்த்தாள்.

"ஏட்டி, ஒங்க வீட்டுல சந்தை போட்டாங்களா?"

"அவிய இன்னும் போய்ச் சேரலக்கா."

"அதுக்குள்ள நீ குப்பைக்குள்ள காணாமப் போயிருவ."

வேலுத்தாய் சிரித்தாள். சிரித்து முடிக்குமுன் வீடு வெறிச்சென்று தெரிந்தது.

லீவு முடியப்போகும் நாட்களில், இவன் எப்போது கிளம்புவான் என்று காத்திருந்தவளும் அவளேதான். விடியுமுன் விசில் அடித்து எழுப்பினான். அடுப்படி டப்பாக்களை உயரப்படி வரிசையாக நிறுத்தினான். தாளிக்கும்போது கடுகைத் தேடி எண்ணெய் கருகிப்போனது. புதுவருஷத்தன்று அதற்கே சண்டை. சண்டை ஓய்ந்ததும் அவன் கேட்டான்:

"சர்வீஸ் முடியுது. நீட்டிக்கவா, பென்ஷன் வாங்கிட்டு வந்துரவா? நீ சொல்லு."

"உங்க இஷ்டம்" என்றாள் வேலுத்தாய்.

"அது பதிலில்ல. போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணுவேன். சொல்லணும்."

வந்துவிட்டால் இந்த வெறுமை இனி இல்லை. ஆனால் வந்துவிட்டவன் லீவில் வருபவன் ஆவானா? பஸ் ஸ்டாண்டில் டிரங்குப் பெட்டியோடு இறங்குபவனைப் பார்த்து ஓடுவது இனிமேல் ஏது? வரச் சொன்னாலும் ஒன்று போகும், வேண்டாமென்றாலும் ஒன்று போகும். எது போனால் பரவாயில்லை என்றுதான் பிடிபடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நூர்னிசாவின் புருஷன் பிச்சை முகம்மதுவின் எஸ்.டி.டி. பூத்திலிருந்து கூப்பிட்டார்கள். வேலுத்தாய் கூந்தலை முடிந்தபடியே ஓடினாள்.

"வந்து சேர்ந்துட்டேன்" என்றான் பால்ச்சாமி. "இங்க ஒரே பனி. என்ன முடிவு பண்ணுன?"

வேலுத்தாய் ரிசீவரைக் காதோடு அழுத்தினாள்.

"உப்பு டப்பாவை எங்க வச்சீக?"

"என்னது?"

"உப்பு டப்பா. பேச்சி உப்பில்லாமச் சாப்பிட்டுப் போறா."

"மேல் தட்டுல மூணாவது. அதைக் கேக்கவா இம்புட்டு நாள் யோசிச்ச?"

"பழைய இடத்துல எடுத்து வைக்கப் போறேன்."

லைன் இரைச்சலுக்கு நடுவே அவன் குரல் தணிந்தது. "அப்ப வர வேண்டாம்ங்கியா?"

"வாங்க" என்றாள். சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவள் காதில் விழுந்தது. "வந்துருங்க. அடுப்படிப் பக்கம் மட்டும் வரக்கூடாது."

அவன் சிரித்த சிரிப்பு பூத்துக்கு வெளியே நின்ற நூர்னிசாவுக்கும் கேட்டது.

"என்னட்டி சொன்ன?"

"வரச் சொல்லிட்டேன்க்கா."

"பொறவு ஏன் மூஞ்சிய இப்படி வச்சிருக்க?"

"தெரியலக்கா."

வீட்டைக் கூட்டினாள். தொலியையும் காகிதத்தையும் முறத்தில் அள்ளிக் கொட்டினாள். உப்பு டப்பாவை இறக்கி, எப்போதும் போல அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தாள். அப்பாடா என்றிருந்தது.

சாயங்காலம் குழம்பு கொதித்தது. உப்புப் போட நீட்டிய கை, தானாக மேல் தட்டுக்குப் போய், அவன் சொன்ன மூன்றாவது இடத்தில் வெறும் பலகையைத் துழாவியது.