சாம்பல் மேட்டுக் கிணறு

கிணறு மூன்று முழம் இறங்கியபோது மண்வெட்டியில் எலும்பு தட்டியது. அதற்குக் கீழே சாம்பல், உடைந்த பானை, மறுபடியும் எலும்பு. நான் பேசாமல் மூடியிருப்பேன். யாழ்ப்பாணத்தில் அடுத்தவன் காணியில் குடியிருந்து அலுத்து, இந்தக் குடியேற்றத்துக்கு வந்து எட்டு மாதம்தான் ஆகிறது. வாயைத் திறக்காமல் இருந்தால் காலம் ஓடிவிடும் என்று நம்புகிறவன் நான். ஆனால் பக்கத்துக் காணி ஏரம்பண்ணை அந்த நேரம் பார்த்து வேலியோரம் வந்து நின்றார்.

"சாம்பல், எலும்பு, உடைஞ்ச குடம். இது பழைய சுடலையல்லோ, தம்பி."

பொழுது சாய்வதற்குள் கதை எல்லா வீட்டுக்கும் போய்விட்டது. சுடலை மண்ணைத் தொட்டால் தீட்டென்று மறுநாள் கிணறு வெட்ட ஒருவரும் வரவில்லை. எங்களை வாய்க்காலின் கடைசிக் காணிக்கு மாற்றச் சொல்லி மனு போயிருக்கிறது, வெள்ளிக்கிழமை விசாரிக்கக் குடியேற்றத்து ஓவசியர் வருவார் என்று ஏரம்பண்ணையின் மனைவி இலட்சுமியக்கா வேலிக்கு அப்பால் நின்றபடியே சொன்னார். கடைசிக் காணிக்கு வாய்க்கால் தண்ணீர் எட்டுவதில்லை. அங்கே விதைத்தால் விதைநெல்லும் மிஞ்சாது.

நான் மனதுக்குள் மூட்டை கட்டத் தொடங்கிவிட்டேன். என் மனைவி கமலாசனியோ ஓலைக் கடகத்தை எடுத்துக்கொண்டு குழிக்குள் இறங்கினாள்.

நாலு நாள் அவளுக்கு அதுதான் வேலை. மண்ணை அரித்து, கிடைத்ததைச் சாக்கில் பரப்பினாள். எலும்பு ஒரு பக்கம், ஓடு ஒரு பக்கம். அரிசி களைகிற அதே கை, அதே நிதானம். பைத்தியம் பிடித்துவிட்டதோ என்று எனக்கு எரிச்சலாக வந்தது. "என்னத்தையப்பா தேடுறீர்?" என்று கேட்டேன். "தேடேல்லை. பாக்கிறன்," என்றாள்.

வெள்ளிக்கிழமை ஓவசியர் சைக்கிளை வேலியில் சாத்தினார். ஏரம்பண்ணையோடு பத்துப் பேர் வந்திருந்தார்கள். கமலாசனி சாக்கின் முன்னால் குந்தியிருந்தாள், எழும்பவில்லை.

"ஏரம்பண்ணை, போன வருசம் உங்கடை ஐயாவை எரிச்சுக் காடாத்தினீங்கள். எலும்பை என்ன செய்தனீங்கள்?"

"பொறுக்கியெடுத்துக் கீரிமலைக் கடலிலை கரைச்சம்."

"அப்ப சுடலையிலை இவ்வளவு எலும்பை ஆர் விட்டிட்டுப் போனது?"

ஏரம்பண்ணை விடவில்லை. "குடம்? கொள்ளிக்குடம் உடைக்கிறதில்லையோ?"

அவள் ஒரு பானையோட்டைக் கவிழ்த்து, அடியில் விரலைத் தேய்த்துக் காட்டினாள். விரல் கறுத்திருந்தது.

"கொள்ளிக்குடம் அடுப்பிலை ஏறாது, அண்ணை. இது சோறு காய்ச்சின பானை."

பிறகு ஒவ்வொன்றாக எடுத்து ஓவசியரின் கையில் வைத்தாள். கத்தி வெட்டு விழுந்த மான் தொடையெலும்பு. விரால் முள். ஆமையோடு. முழுதாக இருந்தாலும் அவளுடைய இரண்டு விரல் மட்டுமே நுழையக்கூடிய கண்ணாடிக் காப்பின் துண்டு. கடைசியில் ஒரு சட்டியின் பாதி. அதன் வெடிப்பில் யாரோ குங்கிலியம் உருக்கி ஒட்டியிருந்தார்கள். எங்கள் குசினியிலும் அப்படி ஒட்டிய சட்டி ஒன்று இருக்கிறது.

"இது குப்பை, ஐயா. ஆக்கித் திண்ட சனத்தின்ரை குப்பை. பிள்ளையளோடை இருந்திருக்கினம்."

நான் மூட நினைத்த குழியைப் பார்த்தேன். வெட்கமாக இருந்தது.

"அரசர் காலத்திலை இஞ்சை பட்டினம் இருந்ததெண்டு சொல்லுவினம்," என்றார் ஓவசியர், சட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி. "நான் மேலிடத்துக்கு எழுதுறன். முடிவு வரட்டும்." அவ்வளவுதான். சைக்கிள் போய்விட்டது.

"முடிவு வருமட்டும் இது எங்கடை காணி," என்று அவள் மண்வெட்டியை என்னிடம் நீட்டினாள். இருவருமாக வெட்டினோம். அவள் மண் சுமந்தாள், நான் முனகினேன். ஒன்பதாம் நாள் ஊற்றுக் கண் திறந்தது. மேலிடத்திலிருந்து அதுவரை ஒரு கடிதமும் இல்லை.

தண்ணீர் தெளிந்த அன்று காலை அடுப்புச் சாம்பலை வாரினாள். முதல்நாள் கறியின் மீன்முள்ளும் அதோடு சேர்ந்தது. எங்கே கொட்டப் போகிறாள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். நேரே போய், குழியிலிருந்து அள்ளிக் குவித்திருந்த அந்தப் பழைய சாம்பலின் மேலேயே கொட்டிவிட்டு வந்தாள்.

திரும்பியபோது வேலியில் ஆள் நுழைகிற கடப்பில் இலட்சுமியக்கா நின்றார். இடுப்பில் வெறுங்குடம். வாவென்று கமலாசனி சொல்லவில்லை. வாளியை இறக்கி அள்ளினாள், முதலில் தன் கையில் ஊற்றி ஏந்திக் குடித்தாள். பிறகு மீதித் தண்ணீரோடு வாளியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

இலட்சுமியக்காவின் ஒரு கால் கடப்புக்கு இந்தப் பக்கம் இருந்தது.