முடிவு உட்பட ஒரு பக்கம்

உத்திரமேரூர் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே, ஜெராக்ஸ் கடைக்கும் ஜூஸ் கடைக்கும் நடுவில் பத்திர எழுத்தர் தணிகைவேலின் அறை இருக்கிறது. அறை என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். இரண்டு மேசை, ஒரு கம்ப்யூட்டர், வருகிறவர்கள் உட்கார ஒரு பெஞ்சு. ஐந்தாவது ஆள் உள்ளே வந்தால் முதல் ஆள் எழுந்து வெளியே போகவேண்டும். அந்தக் கம்ப்யூட்டருக்கு முன்னால் பதினாறு வருஷமாக உட்கார்ந்து பத்திரம் அடிக்கிறவள் சசிரேகா. சுற்றுவட்டாரத்தில் பாதி நிலம் அவள் விரல் வழியாகத்தான் கை மாறியிருக்கிறது.

அப்படிப்பட்டவள் நான்கு வருஷமாக, கணவன் ஒரகடம் கம்பெனிக்கு செகண்ட் ஷிப்ட் போகிற சாயங்காலங்களில் உட்கார்ந்து, ஒரு நாவல் எழுதி முடித்துவிட்டாள். பெயர் 'எழுதிக் கொடுப்பவள்'. எழுதி முடித்ததும் பெரிய மலையைத் தாண்டிவிட்டதாக நினைத்தாள், பாவம். எழுதியதை ஒருவரைப் படிக்க வைப்பது எவ்வளவு பெரிய பாடு என்று அப்போது அவளுக்குத் தெரியாது.

சென்னையில் எழில் என்று ஒரு ஏஜென்ட் இருந்தாள். தமிழ் நாவல்களைப் படித்துப் பார்த்து, பிடித்துப்போனால் ஆங்கிலத்தில் வெளியிடுகிற பதிப்பகங்களிடம் கொண்டுபோய்ப் பேசுவது அவள் தொழில். முதல் மூன்று அத்தியாயம் தமிழில், கதைச் சுருக்கம் ஒரு பக்கம் ஆங்கிலத்தில், முடிவு உட்பட. இதுதான் அவள் கேட்டது. அந்த 'முடிவு உட்பட' என்ற இரண்டு வார்த்தையைச் சசிரேகா கண்ணால் பார்த்தாள், படித்தாள், படிக்காத மாதிரி இருந்துவிட்டாள்.

அதற்குத் தோதாகத் தணிகைவேலும் வந்து வாய்த்தார். வாங்குகிறவன் அட்வான்ஸில் கை வைக்கும் முன் முப்பது வருஷ வில்லங்கச் சான்றை வரி விடாமல் பார்க்கிற மனுஷர் அவர். விற்கிறவன் ஒரு விஷயத்தை மறைத்தான் என்று தெரிந்தால் பெஞ்சிலேயே வைத்து அவனை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார். அந்த மனுஷர்தான் டீயை உறிஞ்சிக்கொண்டு சொன்னார்.

"முடிவ சொல்லிட்டா அப்புறம் இன்னாத்துக்கும்மா அந்தப் பொண்ணு புக்க படிக்கப் போவுது? பாதில நிறுத்து. அதுவா தேடிக்கினு வரும்."

சசிரேகா பாதியில் நிறுத்தினாள். கதை இதுதான். செண்பகம் என்று ஒரு தையல்காரி. அப்பா இறந்தபிறகு, தன் பங்கை அண்ணனுக்கு விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதித் தரவேண்டும் என்று வீட்டில் எல்லோரும் முடிவு செய்துவிடுகிறார்கள். ஊரில் எல்லாப் பெண்களும் செய்கிறதுதான். பதிவு நாளன்று சார்பதிவாளருக்கு முன்னால் பேனாவோடு நிற்கிறாள் செண்பகம். 'அவள் கையெழுத்துப் போட்டாளா? விடை நாவலில்' என்று முடித்திருந்தாள்.

அதை ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தவன் அவள் அண்ணன் பாஸ்கர். பெருநகர் என்கிற ஊரில் சொந்த வீடு, பக்கத்து ஊர் அரசுப் பள்ளியில் ஆங்கில வாத்தியார். தங்கச்சி நாவல் எழுதியிருக்கிறாள் என்று ஸ்டாஃப் ரூமில் ஒருத்தர் விடாமல் சொல்லித் தீர்த்தவன். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து அழகாக எழுதிக் கொடுத்தான். கொடுக்கும்போது சிரித்துக்கொண்டே கேட்டான்.

"போட்டுடுவா இல்ல? அண்ணன் தங்கச்சி பாசம்னு முடிச்சிருப்ப. கரெக்டா?"

"புக்கு வந்தா படிச்சிக்கோ," என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். 

அனுப்பிப் பத்து நாள் கழித்து, திங்கட்கிழமை எழிலிடமிருந்து பதில் வந்தது. 'மூன்று அத்தியாயமும் நன்றாக இருக்கின்றன. ஆனால் முடிவு தெரியாமல் நான் யாரிடமும் போய்ப் பேச முடியாது. வாசகர்களிடம் மறைக்கலாம், என்னிடம் மறைக்கக்கூடாது. வியாழக்கிழமைக்குள் முழுச் சுருக்கம் அனுப்பினால் இந்தச் சுற்றில் சேர்த்துக்கொள்கிறேன். இல்லையென்றால் அடுத்த வருடம் பார்ப்போம்.'

"அடுத்த வருஷமா? இன்னா பேஜாரா கீது," என்றார் தணிகைவேல். தன்னுடைய யோசனையால் வந்த வினை என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். சசிரேகா முடிவை மறைக்க நினைத்தது ஏஜென்டிடம் இல்லை. அவள் மறைத்தது அதை ஆங்கிலத்தில் எழுதப்போகிற ஆளிடம். அவளும் பதின்மூன்று வருஷத்துக்கு முன்னால், பெருநகரில் கிணற்றோடு இருக்கும் ஒன்றரை ஏக்கர் நஞ்சைக்கு, இதே பாஸ்கருக்கு, இதே தெருவில் விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தவள். கதையில் செண்பகம் கையெழுத்துப் போடவில்லை. பேனாவைக் கீழே வைக்கவும் இல்லை. அண்ணன் பக்கம் திரும்பி, "சம்மதமான்னு ஆபீசர் கேட்டாரு. நீ கேக்கலியே," என்கிறாள்.

இதைப் போய் அண்ணனிடம் நீட்டுவதா? அப்பா போனபிறகு அவளுக்குப் பிறந்த வீடு என்றால் அவன்தான். பொங்கலுக்கு வரிசை தவறியதில்லை. இவள் பெண்ணுக்கு டைபாய்டு வந்தபோது ஆறு நாள் ஆஸ்பத்திரியிலேயே கிடந்தவன். அவனை எடுத்தால் நாவல் போகும், நாவலை எடுத்தால் அவன் போவான்.

வேறு வழி தேடாமலும் இல்லை. முடிவைப் போன் ஆப்பில் தட்டி ஆங்கிலமாக்கிப் பார்த்தாள். விடுதலைப் பத்திரத்தைத் தப்பாகப் புரிந்துகொண்டு, செண்பகம் சிறையிலிருந்து விடுதலையாகி வந்ததாக அது எழுதியது. பத்திரம் அடிக்கிற அளவுக்கு ஆங்கிலம் தெரிந்த சசிரேகாவுக்கே அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. செண்பகம் கையெழுத்துப் போட்டுவிட்டதாகப் பொய்யாக எழுதி அனுப்பிவிடலாமா என்றும் ஒரு மணி நேரம் யோசித்தாள். இல்லாத நிலத்தை விற்கிறவர்களைத் தினமும் பார்க்கிறவள் அவள். அந்த வேலை தன்னால் ஆகாது என்று விட்டுவிட்டாள்.

புதன்கிழமை சாயங்காலம் பெருநகர் பஸ் ஏறினாள்.

பாஸ்கர் வாசலில் நாற்காலி போட்டுக் காலாண்டுத் தேர்வுத் தாள் திருத்திக்கொண்டிருந்தான். அண்ணி கோயிலுக்குப் போயிருந்தாள். அதுவும் நல்லதாகப் போயிற்று. தமிழில் எழுதியிருந்த பக்கத்தைச் சசிரேகா நீட்டினாள். அவன் சிவப்புப் பேனாவோடு வாங்கி, பழக்க தோஷத்தில் ஒரு கமாவைத் திருத்தினான். பிறகு பேனா நகரவில்லை.

"இந்த அண்ணன் நானா?"

"கதைண்ணா."

"சசி, நான் வாத்தியாரு. எவன் எதப் பாத்து எழுதறான்னு மூஞ்சப் பாத்தே சொல்லுவேன்."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "ஆமா. நீதான்."

அவன் முகம் சிவந்துவிட்டது. "நெலம் வோணும்னு அன்னிக்கே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே. ஊர்ல எல்லாப் பொண்ணுங்களும் போடறதுதான. என்னமோ நான் ஏமாத்திப் புடுங்கிக்கினா மாதிரி எழுதிக்கிற."

"நெலம் வோணும்னு எங்கண்ணா எழுதிக்கிறேன்? நல்லா படி. கேளுன்னுதான எழுதிக்கிறேன்."

 இத்தனை நாள் உள்ளே கிடந்தது தானாகவே வெளியே வந்தது.

"நீ ஒரு சீட்டுல விவரம் எழுதி எங்க சார் கிட்ட குடுத்துட்டுப் பூட்ட. அன்னிக்கு எனக்கு அடிக்க பதினோரு பத்திரம். ஏழாவதா அந்தச் சீட்ட எடுத்தேன். எழுதிக் கொடுப்பவர் பேர அடிக்க சொல்லோதான் அது நான்னு தெரிஞ்சிது. வயசு இருபத்தெட்டுன்னு எழுதியிருந்த. எனக்கு இருபத்தொம்பது. அதத் திருத்தி அடிச்சேன். பிரிண்ட் எடுத்து, கையெழுத்து போட்டுட்டு, மறுபடி வந்து எட்டாவது பத்திரத்த அடிச்சேன். அவ்ளோதாண்ணா."

பாஸ்கர் கையிலிருந்த காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். தெருவில் வைக்கோல் கட்டு ஏற்றிய டிராக்டர் ஒன்று போயிற்று. 

"நீயே அடிச்சியா," என்றான் கடைசியில். "அது எனக்குத் தெரியாதும்மா. சாரு அடிப்பாருன்னு நெனச்சேன்."

"சாரு என்னிக்கு அடிச்சாரு?"

அவனுக்கு லேசாகச் சிரிப்பு வந்து போயிற்று. மறுபடி பக்கத்தைப் படித்தான். இந்த முறை வாத்தியாராகப் படித்தான்.

"சரி, இது முடிவே இல்லியே. நீ கேக்கலன்னு சொல்லிட்டு அவ நிக்கறா. அதோட நிறுத்திட்ட. அண்ணன் கேட்டானா இல்லியா? அந்த ஏஜென்ட் இதக் கேக்க மாட்டாங்களா?"

"நாவல்லயும் அவ்ளோதான் கீது. அதுக்கு மேல எழுத வரல."

"ஏன் வரல?"

"கேட்டா அவ இன்னா சொல்லுவான்னு எனக்கே தெரியல. என்ன யாரும் கேட்டதில்லியே."

பாஸ்கர் பேனாவை மூடி விடைத்தாள்களின் மேல் வைத்தான். நாற்காலியைத் தங்கச்சி பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டான். ஐம்பது பையன்களை ஒரே பார்வையில் அடக்குகிறவனுக்கு அவள் முகத்தைப் பார்ப்பது பெரும்பாடாக இருந்தது.

"அன்னிக்கு மனசாரத்தான் போட்டியா சசி?"

ஆமாம் என்று சொல்லிவிட்டால் சுமுகமாகப் போய்விடும். அண்ணி வருவாள், காபி கிடைக்கும், பொங்கலுக்கு வரிசை வரும். அந்த வார்த்தை அவள் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அதைத் தள்ளிவிட்டு வேறொன்று வந்தது.

"இல்லண்ணா."

சொன்னதும் அவளுக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. அழுதாள். அழுகிற தங்கச்சியை என்ன செய்வதென்று தெரியாமல் அவன் உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தான். அவள் குடித்து முடிக்கிறவரை நின்றான். பிறகு உட்கார்ந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து ஆங்கிலத்தில் எழுத ஆரம்பித்தான். எதையும் குறைக்கவில்லை, எதையும் மெழுகவில்லை. கடைசியில் புதிதாக இரண்டு சின்ன வாக்கியம் சேர்த்து அவளிடம் காட்டினான். அண்ணன் கேட்கிறான். அவள் இல்லை என்கிறாள்.

"இத சேக்கலாமா? ஒன் கதை, நீதான் சொல்லணும்," என்றான்.

"சேத்துக்கோ."

"அதுக்கப்புறம் அண்ணன் இன்னா பண்றான்?"

"அத அண்ணன்தான் சொல்லணும்."

அவன் தாளை மடித்து அவளிடம் கொடுத்தான். வண்டியில் பஸ் ஸ்டாப் வரை கொண்டுவந்து விட்டான்.  அவன் கோபமாக இருக்கிறானா, வருத்தமாக இருக்கிறானா என்று முதுகைப் பார்த்து எப்படிக் கண்டுபிடிப்பது? பயந்துகொண்டேதான் வீட்டுக்கு வந்தாள். ஆனாலும் மறுநாள் காலை, முதல் பத்திரத்தைத் தொடும் முன் அந்தப் பக்கத்தை அடித்து அனுப்பிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு எழிலே போன் செய்தாள்.

"சசிரேகா, முழு நாவலையும் எனக்கு அனுப்புங்க. நான் எடுத்துக்கறேன். போன தடவை நீங்க அனுப்பினது ஏதோ சொத்துச் சண்டைன்னு நினைச்சேன். இப்பதான் கதையே தெரியுது. அந்தக் கடைசி ரெண்டு வரியில அப்படியே நின்னுட்டேன்."

"மேடம், அந்த ரெண்டு வரி நாவல்ல இன்னும் இல்ல. கடைசி அத்தியாயத்த மாத்தி எழுதணும். பத்து நாள் ஆவும்."

"எடுத்துக்கோங்க. ஆனா அதுக்கப்புறம் அந்த அண்ணன் என்ன செய்யறார்னு எனக்குத் தெரிஞ்சாகணும்."

எனக்கும்தான் மேடம் என்று சொல்ல வந்ததை அடக்கிக்கொண்டு, "சரிங்க மேடம்," என்று போனை வைத்தாள்.  விஷயத்தைக் கேட்ட தணிகைவேல் ஜூஸ் கடையில் இரண்டு சாத்துக்குடி சொன்னார்.

"நான்தான் அப்பவே சொன்னனேம்மா. எதையும் மறைக்கக் கூடாது. எல்லாத்தையும் தொறந்து சொல்லிடணும்."

சசிரேகா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். அவர் ஜூஸைக் குடிப்பதில் மும்முரமாக இருந்தார்.

மத்தியானம் ஒரு மணி இருக்கும். பாஸ்கர் வந்து நின்றான். பள்ளிக்கூடத்துக்கு அரை நாள் லீவு போட்டிருந்தான். கையில் நிலத்தின் தாய்ப் பத்திரமும் பட்டாவும் வைத்த பிளாஸ்டிக் ஃபைல். பெஞ்சில், வாங்குகிறவர்களும் விற்கிறவர்களும் உட்காருகிற அதே இடத்தில் உட்கார்ந்தான். 

"வாங்க வாத்தியாரே," என்றார் தணிகைவேல். "இன்னா, எதனா விக்கறீங்களா?"

"இல்ல சார். கூடப்பொறந்தவளுக்கு நெலத்த எழுதி வைக்கணும், ஒரு செட்டில்மென்ட் பத்திரம். வூட்ல பேசிட்டேன்." அதற்கு மேல் அவருக்கு விளக்கம் சொல்லாமல் தங்கச்சி பக்கம் திரும்பினான். இரண்டு நாளாகத் தூங்கவில்லை என்று கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது. "எந்தப் பக்கம் வோணும், எவ்ளோ வோணும்னு நான் ஒண்ணும் முடிவு பண்ணிக்கினு வரல. ஒன்ன கேக்கத்தான் வந்தேன். நீ சொல்லு."

தணிகைவேல் குடித்துக்கொண்டிருந்த டம்ளரைக் கீழே வைத்தார். சசிரேகா யோசிப்பாள், வேண்டாம் என்பாள், அழுவாள் என்றுதான் அவர் நினைத்திருப்பார். அவள் நேராக உட்கார்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்து, விரலை விசைப்பலகை மேல் வைத்தாள்.

"பாதி போதும்ணா," என்றாள். "கெணத்துப் பக்கம்."