கந்தகம் என்ற ஒரு சொல்

1957 தை மாதம் அறந்தாங்கியில் ஆத்மநாதன் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள் ஐந்து பேர்: ஆத்மநாதன், அவர் மனைவி காத்தாயி, மகன் சேவுகன், மாப்பிள்ளை வீடு பார்க்க இலுப்பூரிலிருந்து வந்த நாகராசு, அவருடைய மைத்துனர் வீரய்யா. வேறு யாரும் இல்லை.

வந்தவர்கள் காப்பியைத் தொடவில்லை. சேவுகனின் வலது கையில் இரண்டு விரல்கள் வெளுத்துச் சுருங்கியிருந்தன. பெரிய வியாதி, அதாவது குஷ்டம் என்று ஊரில் பேச்சு. அது நிலைத்துவிட்டால் இந்தச் சம்பந்தத்தோடு, அடுத்து நிற்கும் தன் இரண்டு பெண்களின் கல்யாணமும் போய்விடும் என்று ஆத்மநாதனுக்குத் தெரியும். ஆனாலும் யாருக்கும் விளக்கம் சொல்லிப் பழகிய வம்சம் அல்ல அது.

சேவுகனே சொன்னான். "மெட்ராசுல ஆராய்ச்சிக்கூடத்துல எலிக்கு எக்ஸ்ரே காட்டுறது என் வேலைங்க மாமா. கூண்டைப் பிடிச்சபடியே காட்டிட்டேன். கை வெந்துபோச்சு."

"எலிக்கு எதுக்குப்பா எக்ஸ்ரே? கால் ஒடிஞ்சிருச்சா?" என்றார் வீரய்யா.

சேவுகன் சிரிக்கவில்லை. "ஒடம்பு முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன செல்லுங்க. கதிர் பட்டா அதுக்குள்ள இருக்கிற தண்ணியே ஒடைஞ்சு நஞ்சாயிரும். அங்கேயே கந்தகம் கலந்த பொருள் ஒண்ணு இருக்கு. முந்திக்கிட்டு அந்த நஞ்சைத் தன்மேல வாங்கிக்கிட்டு அது அழிஞ்சுபோகும். அந்த மாதிரி மருந்தைக் கதிருக்கு முன்னாடியே குடுத்தா எலி நெறையப் பொழைக்குது. பின்னாடி குடுத்தா பிரயோசனம் இல்லைங்க."

வீரய்யா ஒரே ஒரு சொல்லைத்தான் பிடித்துக்கொண்டார். "கந்தகமா? சொறிக்கும் படைக்கும் பூசுறதாச்சே! அப்ப ஏதோ இருக்குன்னுதானே அர்த்தம், மச்சான்?"

நாகராசு துண்டை உதறிக்கொண்டு எழுந்தார்.

போய்விடுங்கள் என்று சொல்ல ஆத்மநாதனுக்கு நாக்குத் துடித்தது. சொன்னால் கௌரவம் நிலைக்கும், வதந்தியும் நிலைத்துவிடும்.

"ஒக்காருங்க. காத்தாயி, ஊசி எடுத்தா."

அந்த வியாதி கண்ட தோலில் உணர்ச்சி இருக்காது என்பது எல்லாருக்கும் தெரியும். மகனைக் கண்ணை மூடச் சொன்னார். சந்தையில் மாட்டின் பல்லைப் பிடித்துக் காட்டுவதுபோல அவன் கையை அந்நியர் முன் விரித்து, வெளுத்த தோலில் குத்தினார்.

"ஆ! அப்பா!" சேவுகன் கையை வெடுக்கென்று இழுத்தான். அடுத்த விரலிலும் அப்படியே.

ஆத்மநாதன் ஊசியை நாகராசுவிடம் நீட்டினார். "நீங்களும் குத்திப் பாருங்க."

நாகராசு அதை வாங்கவில்லை. உட்கார்ந்து, ஆறிப்போன காப்பியை எடுத்துக் குடித்தார். வைகாசியில் அவர் மகள் செங்கமலம் அந்த வீட்டுக்கு மருமகளாக வந்தாள்.

சேவுகனுக்குப் பெரிய வியாதி வந்து, கந்தகம் பூசிக் குணமானதாக இலுப்பூரில் இன்னும் சொல்கிறார்கள். தவறு. அவனுக்கு அந்த வியாதி வந்ததே இல்லை. கந்தகத்தை யாரும் பூசவும் இல்லை. அது எல்லார் உடம்புக்குள்ளும் இருக்கிறது, அப்படிச் சொல்கிறவர்கள் உடம்புக்குள்ளும்.