வாரேன் என்று சொல்லும் தண்ணீர்

1

இந்தக் கதையை எனக்குத் தந்தவர் கோயில் அன்னதான வரிசையில் எனக்கு முன்னால் நின்றார். சுங்கை சிப்புட் பக்கத்து லோரி ஓட்டுநர். தட்டை நீட்டியபடியே, "சார், வீட்டுல மீன் தொட்டி இருந்தா பில்டர் சத்தத்த ரொம்ப உத்துக் கேக்காதீங்க" என்றார். மீதியைச் சாப்பிடும்போது சொன்னார். அவருக்குக் கனகராஜ் என்று பெயர் வைக்கிறேன்.

முதல் வரியாக எழுதிப் பார்த்தது: 'மழை பெய்துகொண்டிருந்த ஒரு' — வேண்டாம். எங்கள் பேராக் மாநிலத்தில் மழை பெய்யாத கதை எது? அடுத்து: 'மகேந்திரன் இறந்த பிறகும்' — இதுவும் வேண்டாம். அவன் கொஞ்ச நேரம் உயிரோடு நிற்கட்டும்.

2

மகேந்திரன் கனகராஜின் அடுத்த வீட்டுக்காரன். இருவரும் ஒரே தோட்டத்தில் பிறந்தவர்கள். ரப்பர் மரங்கள் விழுந்து வரிசை வீடுகள் எழுந்தபோது பக்கத்துப் பக்கத்து வீடாகக் கேட்டு வாங்கினார்கள். மகேந்திரனுக்கு மனைவி இல்லை. மகள் துளசி ஜோகூரில் படிக்கிறாள். பேச்சுத்துணைக்கு இரண்டு தங்கமீன்கள்.

நெஞ்சுவலியோடு ஆம்புலன்சில் ஏறும்போது, "மீனப் பாத்துக்கங்கண்ணே. வாரேன்" என்றான்.

"சரி, வா" என்றார் கனகராஜ்.

(இங்கே கொஞ்சம் நில்லுங்கள். கிளம்புகிற யாரும் நம்மிடம் 'போறேன்' என்று சொல்வதில்லை. வழியனுப்புகிறவரும் 'போ' என்பதில்லை. நல்ல பழக்கம்தான். அது ஒரு வாக்காகவும் ஆகிவிடும் என்று நான் யோசித்ததில்லை.)

மகேந்திரன் ஆஸ்பத்திரியிலேயே இறந்துபோனான்.

3

காரியம் முடிந்து துளசி தேர்வெழுதத் திரும்பினாள். அந்த வாரமே ஒரு இடியில் தொட்டியின் மோட்டார் கருகியது. போனில் அவள் கேட்டது ஒன்றுதான்: "அங்கிள், அப்பா மீனு உயிரோட இருக்குல்ல?"

"இருக்கும்மா. லீவுக்கு வந்து எடுத்துக்க."

சொல்லிவிட்டார். மீன்களோ மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தன. தொட்டியைத் தன் வீட்டுக் கூடத்துக்குத் தூக்கிவந்து வைத்துவிட்டு, ஈப்போவில் மீன்கடை வைத்திருக்கும் ராஜுவிடம் ஓடினார்.

"மோட்டாரே வேணாம்ணே. மினரல் போத்தல் போதும்லா" என்றான் ராஜு. "அடியில ஓட்ட போடுங்க. கல்லு, பஞ்சு, ஸ்பாஞ்சு. நடுவுல ஒரு பைப்பு, அதுக்குள்ள சின்னக் காத்துப் பம்போட குழா. காத்து முட்டை மேல ஏறும்போது தண்ணியையும் இழுத்துக்கிட்டுப் போகும்."

"ஸ்பாஞ்சு புதுசா குடு."

"புதுச வெளியில சுத்திக்கங்க. நடுவுல மகேந்திரண்ணனோட பழைய பில்டர் ஸ்பாஞ்சத்தான் வைக்கணும். பைப்புத் தண்ணியில கழுவிடாதீங்க. அந்த அழுக்குலதாண்ணே மீனு உயிர் வாழுது. ஒங்க லோரி மாதிரி தேச்சுக் கழுவுனா மீனு ஹாபிஸ் லா, முடிஞ்சுது."

கனகராஜ் சிரித்தார். வீட்டுக்கு வந்து அவன் சொன்னபடியே செய்தார். பழைய ஸ்பாஞ்சைத் தொட்டித் தண்ணீரிலேயே மெதுவாகப் பிழிந்தார். அதில் மகேந்திரன் வீட்டு வாசனை வந்தது: மீன் தீனி, சாம்பிராணி, கொஞ்சம் சிகரெட். பம்பைப் போட்டதும் காற்றுக் குமிழிகள் ஏறின. மீன்கள் கீழே இறங்கின.

4

கலாதேவியை — கனகராஜின் மனைவி — முதல் பிரதியில் பயந்தாங்கொள்ளியாக எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன்.

விளக்கேற்றிக்கொண்டிருந்தவள் வாசலைப் பார்த்து, "வாங்க, உள்ள வாங்க" என்றாள்.

"யாரு?" என்றார் கனகராஜ்.

"வெளிய யாரோ வாரேன், வாரேன்னாங்களே."

வாசலில் யாருமில்லை. ஆம்புலன்ஸ் அருகே பேசிய பேச்சை அவர் அவளிடம் சொன்னதே இல்லை. தொட்டியின் அருகே போய்க் காதை வைத்தார். குமிழி ஏறும்போது 'வா'. உடையும்போது 'ரேன்'. மீன்கள் இரண்டும் அசையாமல் வாசலைப் பார்த்து நின்றன.

(குழாயில் ஓட்டை என்று முடித்துவிடலாம். ஆனால் குழாயை மாற்றிப் பார்த்துவிட்டதாக அவர் சாப்பிடும்போதே சொன்னார்.)

ஒருநாள் பொறுக்கமாட்டாமல் பழைய ஸ்பாஞ்சை வெளியே எடுத்தார். சத்தம் நின்றது. சாயங்காலத்துக்குள் தண்ணீர் கலங்கி, மீன்கள் மீண்டும் வாயைப் பிளந்தன. துளசியின் கேள்வி நினைவுக்கு வந்தது. ஸ்பாஞ்சைத் திரும்ப உள்ளே வைத்தார். சத்தமும் திரும்பி வந்தது, முன்னைவிடக் கிட்டத்தில்.

கலாதேவி ஒரு நாற்காலியைத் தொட்டிப் பக்கத்தில் போட்டாள்.

"என்னாடி இது?"

"அத்தன தூரம் வாரவரு நிக்கவா முடியும்?"

இந்த நாற்காலியை நான் நம்புகிறேன். அன்போடு போட்ட இருக்கையால் யாருக்கும் கெடுதல் வராது என்று சாமி முன்னால் நின்று சொல்வேன். ஆனாலும் நடந்ததை மறைக்கக் கூடாது. மறுநாளிலிருந்து மீன்கள் வாசலைப் பார்ப்பதை விட்டுவிட்டன. நாற்காலியைப் பார்த்தன.

5

எழுதிக் கிழித்த முடிவுகள்:

கனகராஜ் ஸ்பாஞ்சை ஆற்றில் விடுகிறார். (மீன்கள் சாகும். மாட்டேன்.)

கனகராஜ் நாற்காலியைப் பார்த்து, "மகேந்திரா, நீ போ" என்று — அவர் நாக்கு எழவில்லை. என் பேனாவும்.

6

துளசி விடுமுறைக்கு வந்தாள். மீன்களைப் பார்த்துக் கொஞ்சம் அழுதாள். கிளம்பும் நாளில், ராஜு இரவல் கொடுத்த பேட்டரி பம்பை மாட்டி, மீன்களையும் போத்தல் பில்டரையும் ஒரு வாளியில் வைத்துக் காரின் பின்சீட்டில் ஏற்றினார்கள். கலாதேவி அவள் கையில் முறுக்குப் பொட்டலத்தைத் திணித்தாள்.

கார்க் கதவைப் பிடித்தபடி துளசி திரும்பினாள். "வாரேன் அங்கிள்."

அதே நேரம் வாளிக்குள்ளிருந்தும் அது கேட்டது.

கனகராஜ் வாயைத் திறந்தார். அப்பா இல்லாத பெண் ஒரு சொல்லுக்காக நிற்கிறாள். பதில் சொல்லாமல் அனுப்ப மனம் வராது. சொன்னாலோ, அந்த ஒரே பதில் இரண்டு பேருக்கும் போய்ச் சேரும்.

அவர் என்ன சொன்னார் என்று கேட்டேன். தட்டைக் கழுவப் போய்விட்டார். அதனால் அந்த இடத்தைக் காலியாக விடுகிறேன்:

"                    "

நீங்கள் நிரப்புங்கள். கைவராவிட்டால் பரவாயில்லை, உங்கள் வாய்க்கு ஏற்கெனவே பழக்கம் இருக்கிறது. எனக்கும் நேரமாகிவிட்டது.

வாரேன்.