யானைக்கும் அண்ணிக்கும் நடுவில் ஓர் எழுத்து

1

இந்தக் கதை ஓர் எழுத்துப் பிழையில் பிறந்தது. பிழையைச் செய்தவன் என் அண்ணன். கண்டும் காணாமல் விட்டவள் நான். எனக்குத் தொழிலே அச்சகத்தில் புரூஃப் பார்ப்பது. வெட்கக்கேடு.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "அந்த வீட்டில் எல்லோரும் எதையோ தேடிக்கொண்டு..." [அடித்துவிட்டேன். எல்லோரும் தேடவில்லை. ஒருத்திதான் தேடினாள். அண்ணன் மகள் பட்டாணி. வயது ஆறு.]

2

பட்டாணியின் படப் புத்தகத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். என் கதை தேறாவிட்டாலும் அதையாவது ஒரு குழந்தைக்குப் படித்துக்காட்டுங்கள்.

பதினாறு பக்கம், பக்கத்துக்கொரு படம். ஒரு யானைக்கு ஒளிந்து விளையாட ஆசை. உடம்புதான் ஒத்துழைக்க மாட்டேன் என்கிறது. கட்டிலுக்கடியில் புகுந்தால் கட்டில் அதன் முதுகில் ஏறிக்கொள்கிறது. கொடியில் காயும் போர்வைக்குப் பின்னால் நின்றால் நாலு காலும் தெரிகிறது. எல்லாப் பக்கத்திலும் ஒரே வரி: "யானை ஒளிந்தது."

மனதுக்குள் படித்தால் சப்பென்று இருக்கும். வாய்விட்டுப் படிக்க வேண்டும். "யானை..." என்று இழுத்து, மூச்சைப் பிடித்து, அடுத்த சொல்லைக் கிசுகிசுக்க வேண்டும். அண்ணன் அதில் கெட்டிக்காரன். லிஃப்ட் மெக்கானிக். வேலை முடிந்து வந்து கிரீஸ் போகக் கையைத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் புத்தகத்தைத் தொடுவான். "காலு தெரியுது! காலு!" என்று பட்டாணி கத்துவாள்.

(அண்ணனுக்கு 'ழ' வராது. பழம் அவனுக்குப் பளம். அந்தப் புத்தகத்தில் ஓரிடத்தில்கூட 'ழ' கிடையாது. சரிபார்த்துவிட்டேன்.)

3

அண்ணி வீட்டைவிட்டுப் போன காலை. [ஏன் போனார் என்று அரைப் பக்கம் எழுதிக் கிழித்துப் போட்டேன். அண்ணன் பக்கமே சாய்ந்திருந்தது.]

பட்டாணி கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தாள். "அம்மா எங்கப்பா?"

அண்ணன் பல்லைக் கடித்தான். "ஒளிஞ்சா!"

ஒழிஞ்சா என்றுதான் சொல்ல வந்தான். தொலைந்தாள், விட்டது தொல்லை என்ற அர்த்தத்தில். அவன் வாயில் 'ழ' இல்லை. பட்டாணியின் காதில் விழுந்தது யானையின் சொல். சிரித்துக்கொண்டே குனிந்து கட்டிலுக்கடியில் பார்த்தாள்.

நான் பக்கத்திலேயே நின்றேன். வாயைத் திறக்கவில்லை. குழந்தை அழாமல் இருக்கிறாளே, அது போதும் என்று நினைத்தேன். அண்ணனும் அப்படியே விட்டுவிட்டான்.

ஏழு மாதம் தேடினாள். பீரோ, அழுக்குத்துணிக் கூடை, மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் பின்பக்கம். யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் கதவு இடுக்கைப் பார்ப்பாள். "அம்மா சூப்பரா ஒளியுறாங்க அத்தை. யானைக்குத்தான் ஒளியத் தெரியல" என்றாள் ஒருநாள். நான் பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

4

இங்கே எனக்குப் பட்டாணிமேலேயே சந்தேகம். ஆறு வயதுக்காரி ஏழு மாதமா நம்புவாள்? அப்பாவுக்காக நம்புவதுபோல் நடித்தாளோ? அப்படியென்றால் உண்மையில் ஒளிந்திருந்தது நாங்கள் இருவரும்தான்... [அழகாக இருக்கிறது. அதனாலேயே நம்ப முடியவில்லை. இதையும் அடிக்கிறேன்.]

5

போன ஞாயிறு காலை வீட்டுப்பாட நோட்டோடு வந்தாள். பள்ளியில் ல, ள, ழ நடக்கிறது.

"நாக்க மடிக்கணும் அத்தை. அப்பாவுக்கு மடியவே மாட்டேங்குது."

டீச்சர் எழுதிக்கொடுத்திருந்தார்: ஒளிதல் என்றால் மறைதல். ஒழிதல் என்றால் இல்லாமல் போதல். அதற்குக் கீழே பட்டாணியின் கோணல் கையெழுத்தில், ஓர் இடத்தைக் காலியாக விட்டு: "அம்மா ஒ __ ந்தாள்."

"நீங்கதானே எழுத்துத் தப்பு பாக்குறவங்க. அன்னைக்கு அப்பா சொன்னது எந்த எழுத்து?"

சமையலறையில் பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது. அண்ணன் வாசற்படியில் வந்து நின்றான். "யானை எழுத்தையே போட்டுடும்மா" என்றான் என்னிடம், தணிந்த குரலில்.

பட்டாணி அவன் பக்கம் திரும்பவில்லை. "அத போட்டா நான் இன்னும் தேடணும் அத்தை. அதான் கேக்குறேன்."

6

முடிவு ஒன்று: கதவு தட்டப்படுகிறது, வெளியே அண்ணி... [எனக்கு வெட்கமே இல்லையா?]

முடிவு இரண்டு: 'ளி' போடுகிறேன். அவள் எழுந்து மறுபடி பீரோவைத் திறக்கப் போகிறாள்.

முடிவு மூன்று: 'ழி' போடுகிறேன். அதுவும் பொய். அண்ணி உயிரோடு, வேறு ஊரில், ஒரு வேலையில் இருக்கிறார். அவருடைய நம்பரை அண்ணன் பிளாக் செய்து வைத்திருக்கிறான். அது எனக்குத் தெரியும்.

எந்த எழுத்தைப் போட்டாலும் தப்பு. சொல்லையே மாற்றியாக வேண்டும். எங்கள் தொழிலில் அதற்கு எனக்கு உரிமை கிடையாது. ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு, எழுதியவருக்கே திருப்பி அனுப்புவோம்.

கேள்விக்குறி போட்டேன். நோட்டை அண்ணனிடம் நீட்டினேன்.

ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு அவன் தரையில் உட்கார்ந்தான். பென்சிலை வாங்கினான். அந்த வரியை முழுதாக அடித்தான். ஓர் எழுத்துக்கு ஆகிற நேரத்தைவிட வெகுநேரம் எழுதினான். பட்டாணி நோட்டை இழுத்து மடியில் வைத்து, விரலை முதல் எழுத்தின்மேல் ஊன்றினாள்.

நான் இங்கே நிறுத்துகிறேன். அவன் என்ன எழுதினான் என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும்: ஆறு வயதுக்காரி எழுத்துக்கூட்டி, சத்தமாகப் படிக்கப் போகிறாள். பார்த்து எழுதுங்கள்.