பதினோரு கையெழுத்து

எங்கள் மருத்துவமனையில் நான் நூலகர். புதிதாக வரும் ஆராய்ச்சிக் கட்டுரைகளை வாராவாரம் படித்து, டாக்டர்களுக்குத் தேவையானதை ஒரே பக்கத்தில் சுருக்கி எழுதுவது என் வேலை. அந்தப் பக்கத்தை ஒரு நோட்டில் ஒட்டி வார்டு வார்டாக அனுப்புவேன். படித்த டாக்டர் கீழே கையெழுத்துப் போட வேண்டும். மொத்தம் பதினோரு பேர். மாலைக்குள் பதினோரு கையெழுத்தும் வந்துவிடும். எவ்வளவு அக்கறையான டாக்டர்கள் என்று ஆறு வருடமாகப் பூரித்துப்போயிருந்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

போன மாதம் என் தம்பியை இங்கேதான் சேர்த்தோம். காலில் புண் புரையோடிக் காய்ச்சல். அவன் கார் மெக்கானிக். பானெட்டைத் திறக்காமலே, இஞ்சின் சத்தத்தைக் கேட்டுக் கோளாறைச் சொல்லிவிடுவான். அவன் பிழைப்பே அந்தக் காதுதான்.

எட்டாம் நாள் பார்க்கப் போனபோது, "அக்கா, ரெண்டு நாளா வலது காதுல ஙொய்னு ஒரு சத்தம். ஃபேனை நிறுத்தச் சொன்னேன், அப்பவும் நிக்கல," என்றான்.

கட்டிலில் தொங்கிய கேஸ் ஷீட்டை எடுத்துப் பார்த்தேன். எட்டு நாளாகப் போடும் ஊசியின் பெயர் அதில் இருந்தது. இரண்டு மாதத்துக்கு முன் அதே ஊசியைப் பற்றித்தான் எழுதியிருந்தேன்: ஐந்து நாளைக்கு மேல் போட்டால் காது போகலாம், போடுவதற்கு முன்பும் போடும்போதும் காதைச் சோதிக்க வேண்டும்.

நூலகத்திலிருந்து நோட்டைத் தூக்கிக்கொண்டு வார்டு டாக்டரின் அறைக்கு ஓடினேன். கெட்டவர் இல்லை, எல்லோரிடமும் சிரித்துப் பேசுகிறவர்.

"சார், என் தம்பிக்குப் போடுற ஊசியை உடனே நிறுத்துங்க. காதுல சத்தம் கேக்குதுங்கறான்."

"பதினாலு நாள் கோர்ஸும்மா அது. பயப்படாதீங்க." மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருந்த வழவழப்பான அட்டையைத் தட்டிக் காட்டினார். மருந்துக் கம்பெனிக்காரர் கொடுத்துவிட்டுப் போனது. பதினாலு என்று கொட்டை எழுத்தில் இருந்தது. நான்கு வருடத்துக்கு முந்தைய தேதி ஓரத்தில் பொடி எழுத்தில் இருந்தது.

நோட்டை அந்த அட்டையின் மேலேயே விரித்து வைத்தேன். "இதைப் படிச்சதா கையெழுத்துப் போட்டிருக்கீங்க சார். முதல் கையெழுத்தே உங்களுதுதான்."

அவர் படித்தார். அப்போதுதான் முதல்முறையாகப் படிக்கிறார் என்பது முகத்திலேயே தெரிந்தது.

"நோட்டு வந்தா போட்டு அனுப்பிடுவோம்மா," என்றார் மெதுவாக. "வெளிய இருநூறு பேர் நிக்கறாங்க. யாரு உக்காந்து படிக்கிறது?"

"கம்பெனிக்காரர் வந்தா மட்டும் அரை மணி நேரம் உக்காந்து பேச முடியுதே சார். ஆறு வருஷமா நான் யாருக்கு எழுதிக்கிட்டிருக்கேன், சுவத்துக்கா?"

அவர் பேனாவை எடுத்தார். ஊசியை நிறுத்தச் சொல்லி எழுதினார். காது டாக்டரைக் கூப்பிட்டார். மன்னிப்பும் கேட்டார், இல்லையென்று சொல்லமாட்டேன்.

இடது காது தப்பியது. வலது போனது போனதுதான். தம்பி வேலைக்குத் திரும்பிய அன்று நானும் பட்டறைக்குப் போனேன். ஓடுகிற இஞ்சினுக்கு முன்னால் தலையை அப்படியும் இப்படியும் திருப்பிக்கொண்டு நின்றான். "சத்தம் எங்கேருந்து வருதுன்னே தெரியலக்கா," என்றான். பிறகு பானெட்டைத் திறந்து, ஒவ்வொரு பாகமாகத் தொட்டுப் பார்க்க ஆரம்பித்தான்.

அந்த வாரப் பக்கத்தில் ஆராய்ச்சி எதையும் நான் எழுதவில்லை. இரண்டே வரி எழுதினேன். "நீங்கள் படிக்காமல் கையெழுத்துப் போட்டதால் என் தம்பிக்கு ஒரு காது போய்விட்டது. இதைப் படித்தவர்கள் கையெழுத்துப் போடாமல், நூலகத்துக்கு வந்து என்னைப் பாருங்கள்." வேலை போனால் போகட்டும் என்று ஒட்டி அனுப்பினேன்.

கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். ஒருவரும் வரவில்லை. நாலரை மணிக்கு நோட்டு மட்டும் வந்தது. பதினோரு கையெழுத்தும் இருந்தன. முதலாவது அந்த வார்டு டாக்டருடையதுதான்.