சொந்தக்காரர் பங்கு

பக்ரீத் அன்று காலையில் கறியை மூன்று பங்காகப் பிரித்துவிட்டு, நடுப்பங்கின் முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள் சாயிரா பானு. வீட்டுக்கு ஒன்று, சொந்தக்காரர்களுக்கு ஒன்று, ஏழைகளுக்கு ஒன்று. கணவர் மொய்தீன் இருந்தவரை அந்த நடுப்பங்கு முழுக்க அவர் தங்கைகளுக்குத்தான் போகும். வாழப்பாடியில் இருக்கும் ஒரே மகன் ஃபைஸானுக்கு ஆறு வருடமாக ஒரு துண்டுகூடப் போனதில்லை.

அப்பாவுக்கும் மகனுக்கும் மொய்தீனின் கடையில் ஆரம்பித்த சண்டை அது. மறுநாள் துணிமணி எடுக்க வந்தவன் கதவைத் தட்டினான். திறக்கக் கூடாது என்றார் மொய்தீன். சாயிராவும் திறக்கவில்லை. அப்பாவை மன்னித்தாலும் அம்மாவை மன்னிக்க மாட்டேன் என்று யாரிடமோ சொன்னானாம். மூன்று மாதத்துக்கு முன் மொய்தீன் மவுத்தானபோது வந்தான். மண் போட்டுவிட்டு கபர்ஸ்தானிலிருந்தே திரும்பிப் போய்விட்டான்.

கணவன் இறந்தபின் நாலு மாதம் பத்து நாள் இருக்கும் இத்தா முடியாமல் அவளால் வீட்டைவிட்டு வெளியே போக முடியாது. கீழ்வீட்டு மாதேஷ் வாழப்பாடிக்கு ஆட்டோ சவாரி போவதாக அவன் மனைவி பெரியநாயகி சொன்னதும், ஒரு தூக்கு நிறையக் கறியை அள்ளிக் கொடுத்தனுப்பினாள்.

மதியத்துக்கு மேல் பெரியநாயகி அதே தூக்கோடு படியேறி வந்தாள். மாதேஷ் கீழே வாசலில் வைத்துவிட்டு அடுத்த சவாரிக்கு ஓடிவிட்டானாம். தூக்கு கனமாகவே இருந்தது.

"உடுங்கக்கா. பண்டிகை நாளும் அதுவுமா கறியத் திருப்பி அனுப்புற ஆளு, இந்தச் சேலத்து ஜில்லாவுல உங்க மகன் ஒருத்தர்தான் இருப்பாரு."

சாயிரா தூக்கை வாங்கி அடுப்படியில் வைத்தாள். கெட்டுப்போகுமே என்றுதான் மூடியைத் திறந்தாள். கை அப்படியே நின்றது.

மொய்தீனுக்குப் பல் போனதிலிருந்து அவள் வீட்டில் கறி பொடித் துண்டாகத்தான் வெட்டப்படும். இதில் இருந்ததோ உள்ளங்கை அகலத் துண்டுகள், எலும்போடு. மேலே வாழையிலையில் மடித்து ஈரல்.

"இது நான் அனுப்புனது இல்லைம்மா. அவன் வீட்டுக் கறி."

பெரியநாயகி எட்டிப் பார்த்தாள். அதற்கும் அவளுக்கு ஒரு குறை இருந்தது. "போன்ல ஒரு வார்த்தை பேசினா வாய் தேஞ்சா போகும்?"

"பேசாட்டி போறான். அவனும் மூணு பங்கு பிரிச்சிருப்பான்ல. சொந்தக்காரங்க பங்குல என்னையும் நெனைச்சிருக்கான். போதும்."

சொல்லி முடிப்பதற்குள் குரல் உடைந்துவிட்டது. பெரியநாயகி அடுப்பைப் பற்றவைத்து, வெங்காயத்தை எடுத்து உரிக்க உட்கார்ந்தாள். கண்ணீருக்கு ஒரு காரணம் கிடைத்தது இருவருக்கும்.

மூன்று மாதமாகக் கஞ்சிக்கு மேல் எதுவும் இறங்காத சாயிரா, அன்று இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டாள். கவளத்துக்குக் கவளம் அல்லாஹ்வுக்கு நன்றி சொன்னாள். துண்டு பெரிதாக இருந்தது. மெல்ல நேரம் பிடித்தது. அவசரம் ஒன்றும் இல்லை.